பதினொரு முட்டை

போன வாரம் நம் குரூப்பில் ஒருத்தி அனுப்பிய வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பண்ணை முட்டையை டீத் தண்ணீரில் ஊறப்போட்டு நாட்டுக்கோழி முட்டை என்று விற்கிறார்களாம். கலிகாலம் என்று ஒருத்தி எழுதினாள். இவர்களையெல்லாம் உள்ளே தள்ளணும் என்று இன்னொருத்தி. அதன் பிறகு வரிசையாகச் சிவப்புக் கோப முகங்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. அந்த வேலையை நான் பத்து வயதிலேயே செய்தவள். கடைத்தெருவில் அல்ல, சொந்த வீட்டில்.

நம்மில் ஒருத்திக்கு இது தெரியும். அவள் பேரைச் சொல்லப் போவதில்லை. அவளும் ஒரு கோப முகம் போட்டிருந்ததைப் பார்த்தேன். நன்றாக இருக்கட்டும்.

எங்கள் வீடு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடக் கரைக்குப் போகிற வழியில், வாழைத் தோப்புகளுக்கு நடுவில் ஓட்டு வீடு. முக்கால் ஏக்கர் நிலம். பாதியில் பூவன் வாழை, மீதியில் கத்தரி, வெண்டை, பந்தலில் புடலையும் அவரையும். ஒரு பசு, அதன் கிடாரிக் கன்று, இரண்டு வெள்ளாடு, பத்துப் பன்னிரண்டு கோழிகள். அப்பா அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். நிலத்தையும் மாட்டையும் பார்த்துக்கொண்டது அம்மாவும் அப்பாவின் தம்பியும்தான். அழகான வாழ்க்கை என்றெல்லாம் எழுத மாட்டேன். தினமும் சாணி அள்ளிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வந்தேன். என் கையில் வாடை அடிக்கிறது என்று உங்களில் இரண்டு பேர் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றீர்கள். அதுவும் எனக்கு மறக்கவில்லை.

நாம் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம் தை மாதத்தில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆயிருந்தது. சித்தி லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெண். பத்தொன்பது வயது. நெல் விளைகிற வீட்டில் வளர்ந்தவள். வந்த இரண்டாம் மாதமே எங்கள் புடலைப் பந்தல் அவள் கைக்குப் போய்விட்டது. பிஞ்சு சுருண்டுகொள்ளாமல் நேராக வளர ஒவ்வொன்றின் நுனியிலும் நூல் கட்டிச் சின்னக் கல் தொங்கவிடுவார்கள். சித்தி ஆற்றங்கரையிலிருந்து முந்தானை நிறையக் கூழாங்கல் பொறுக்கி வந்து, எடை பார்த்துப் பிரித்து வைத்துக் கட்டினாள். கோழிகளோடு பேசுவாள். சத்தமாகச் சிரிப்பாள். “மெதுவா சிரி, அண்ணி வர்ற நேரம்” என்று அம்மா அடக்குவாள்.

அண்ணி என்று அம்மா சொன்னது அப்பாவின் அக்காவை. எங்களுக்கு அத்தை. மன்னார்புரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். அங்கே ஒரு துளசிச் செடி வைக்கக்கூட மண் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் எந்த விதை போட்டாலும், எந்தக் கோழியை அடை வைத்தாலும், அத்தை பஸ் ஏறி வந்து தன் கையால் தொடங்கி வைக்க வேண்டும். அவளுக்கு அப்படி ஒரு கைராசி என்று பேர். அவள் வைத்த அடையில் ஒன்றுகூடக் கூமுட்டை ஆனதில்லை என்பார்கள். குஞ்சு பொரிக்காமல் உள்ளேயே அழுகிப் போவதுதான் கூமுட்டை. நாம் வகுப்பில் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டது அந்தச் சொல்லை வைத்துத்தான்.

இப்போது யோசித்தால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அக்னி நட்சத்திரம் கழிந்து, வெயில் தணிந்த பிறகுதான் அத்தை அடை வைக்க வருவாள். நன்றாக அடைகாக்கிற கோழியாகப் பார்த்து அம்மா தயாராக வைத்திருப்பாள். யார் கை வைத்தாலும் பொரித்திருக்கும். ஆனால் பிறந்த வீட்டில் அத்தைக்கு என்று மிச்சமிருந்தது அந்தக் கை ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வந்திருக்காது. இது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் புரிகிறது. அன்றைக்கு அத்தை என்றால் பயம் மட்டும்தான்.

அந்த வருடம் அத்தை ஒரு மாற்றம் செய்தாள். “இந்தத் தடவை புது மருமக வைக்கட்டும். அவ கை எப்படின்னு தெரிஞ்சுக்கணும்ல” என்றாள். சித்தியைக் கூப்பிட்டு, “பொரிச்சதும் ரெண்டு குஞ்சு உனக்கு. ஆடிக்கு உங்கப்பா கூப்பிட வருவாருல்ல, எடுத்துட்டுப் போய் உங்கம்மாகிட்ட கொடு. நீயே வச்ச அடைன்னு சொல்லு” என்றாள்.

“சரிங்க அண்ணி” என்றாள் சித்தி. முகத்தில் பெருமை தெரிந்தது. அன்று சாயங்காலமே ஒரு சின்ன ஈச்சங்கூடையைத் தேடி எடுத்து, உள்ளே வைக்கோல் பரப்பி, மூடி கட்டக் கயிறும் கோத்து, அடுப்படி ஆணியில் மாட்டிவிட்டாள். குஞ்சு இன்னும் முட்டையாகக்கூட அடைக்குப் போகவில்லை.

அடைக்கு என்று எடுத்து வைக்கிற முட்டையைத் தவிட்டில் புதைத்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். சூடு ஏறாது, உருளாது. அதைத் தினமும் எண்ணக் கூடாது, வைக்கிற அன்றுதான் எண்ண வேண்டும். அடுப்படி மூலையில் இரண்டு ஓலைப்பெட்டி இருந்தன. ஒன்றில் மாட்டுக்குப் போடுகிற தவிடு. இன்னொன்றில் தவிடும் முட்டையும். ஆனி மாதம், வியாழக்கிழமை. மறுநாள் அடை வைக்கப் போகிறார்கள். எலி உருட்டுகிறது என்று அம்மா இரவில் பெட்டிகளை இடம் மாற்றி வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

“மாட்டுத் தொட்டில தவிட்டைக் கொட்டிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பு” என்று சொல்லிவிட்டு அம்மா பால் ஊற்றப் போய்விட்டாள். எனக்கு நேரமாகிவிட்டது. எப்போதும் இருக்கிற இடத்தில் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், அரிசி களைந்த தண்ணீரும் காய்கறித் தோலுமாக இருந்த கல் தொட்டியில் தலைகீழாகக் கவிழ்த்தேன். சத்தம் கேட்டது. பார்த்தால் தவிட்டுக்கு நடுவே மஞ்சள் கருவாக மிதக்கிறது. ஒன்பது உடைந்துவிட்டன. தவிட்டுக் குவியல் மேல் விழுந்த இரண்டு மட்டும் முழுசாக இருந்தன. அவற்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பசு தொட்டியில் வாயை வைத்துவிட்டது. ஓடு, கரு, தவிடு எல்லாவற்றையும் உறிஞ்சித் தொட்டியை நக்கி, மூக்கை நாக்கால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. கொடியில் காய்ந்த சித்தப்பாவின் துண்டையே தின்ற மாடு அது.

தடயம் என்று ஒன்றும் மிச்சமில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது. தொட்டியில் கொஞ்சம் ஓடு கிடந்திருந்தாலும் அம்மாவிடம் நாலு அடி வாங்கிக்கொண்டு அன்றோடு முடிந்திருக்கும். நான் மாட்டுத் தவிட்டை அந்தப் பெட்டியில் நிரப்பி, மிஞ்சிய இரண்டு முட்டையையும் உள்ளே புதைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

இங்கேதான் நம் கோப முகக்காரி வருகிறாள். அவள் அப்பா ஸ்ரீரங்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். வெள்ளை முட்டை அப்போதுதான் அட்டை அட்டையாகக் கடைகளுக்கு வர ஆரம்பித்திருந்தது. என்னிடம் ஒரு மரச்சொப்புப் பெட்டி இருந்தது. வைகுண்ட ஏகாதசிக் கடையில் அப்பா வாங்கித் தந்தது. அடுப்பு, பானை, அம்மி, திருகை, குடம் என்று சிவப்பும் பச்சையுமாக அரக்குப் பூசியது. அவள் அதன் மேல் கண்ணாக இருந்தாள். மத்தியானம் சோறு சாப்பிடப் போனவள் ஒன்பது முட்டையைத் துண்டில் சுற்றி மஞ்சள் பையில் கொண்டு வந்தாள். சின்னதாகப் பார்த்து எடு என்று சொல்லியிருந்தேன். சொப்புப் பெட்டி மறுநாள் அவள் கைக்குப் போயிற்று. இப்போது எங்கே இருக்கிறதோ. அதற்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நிறம்தான் பிரச்சினை. வெள்ளைச் சட்டையில் டீ கொட்டினால் சாகிற வரைக்கும் போகாது என்று அம்மா திட்டுவது ஞாபகம் வந்தது. சாயங்காலம் அம்மா பாலுக்கும் சித்தி வாழைக்குத் தண்ணீர் கட்டவும் போன நேரத்தில், கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி, பழைய வாணலியில் டீத்தூளைக் கொதிக்கவிட்டு ஆறவைத்து முட்டைகளை ஊறப்போட்டேன். தென்னை மட்டைப் புகையும் டீ வாசனையும் சேர்ந்த அந்த நெடி இன்றைக்கும் எந்த டீக்கடை வாசலிலாவது வந்து என்னை நிறுத்தும். எடுத்துப் பார்த்தால் நம்பவே முடியவில்லை. அச்சு அசல் நாட்டு முட்டை. துடைத்து, தவிட்டில் புரட்டி, பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் யாரையும் ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. முட்டை என்றால் குஞ்சு வரும். எந்த முட்டையாக இருந்தால் என்ன? எனக்கிருந்த ஒரே பயம், ஒன்பது குஞ்சும் வெள்ளை வெளேரென்று வந்து என்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்பதுதான்.

மறுநாள் காலையில் அத்தை வந்தாள். சித்தி தலைக்குக் குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தாள். வெறும் வயிற்றோடு வைத்தால் முட்டையும் வெறுமையாகும் என்பார்கள். அகலக் கூடையில் மணல், அதன் மேல் வைக்கோல். இடி இடித்தால் கரு கலங்காமல் இருக்க ஓர் இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய். வைத்து முடிக்கிற வரை வைப்பவள் வாய் திறக்கக் கூடாது. சித்தி ஒவ்வொரு முட்டையாக எடுத்து, மற்ற கோழி வந்து இட்டுவிட்டால் அடையாளம் தெரிவதற்காகக் கரியால் ஒரு கோடு போட்டு, கூடைக்குள் வைத்தாள். அத்தைதான் எண்ணினாள். பதினொன்று. ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். கடைசி முட்டையை வைத்துவிட்டுச் சித்தி உள்ளங்கையைப் பார்த்தாள். லேசான பழுப்பு. தவிட்டுக் கறை என்று நினைத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். செவலைக் கோழி ஏறி உட்கார்ந்தது.

பத்து நாள் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த மளிகைக் கடையில் உப்பு வாங்கப் போனேன். சும்மா கேட்பதுபோல் கேட்டேன். “இந்த முட்டைல குஞ்சு வந்தா வெள்ளையாத்தான் வருமா?”

கடைக்காரர் பெரிதாகச் சிரித்தார். “பண்ணை முட்டைல குஞ்சு எப்படிப் பாப்பா வரும்? அங்க சேவலே கிடையாது. நீ நூறு நாள் வச்சாலும் கூமுட்டைதான்.”

உப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வாசலில் சித்தி கோழிக்கூடை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செவலைக்கு ஒரு சிரட்டையில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். “குடிடி. பாவம், இன்னும் பத்து நாள்தான்” என்றாள் கோழியிடம்.

அன்று சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் போய் ஆரம்பிக்கவும் ஆரம்பித்தேன். “அம்மா, முட்டை...” என்றேன். அம்மா புண்ணாக்கு உடைத்துக்கொண்டிருந்தாள். “முட்டையும் கிடையாது ஒண்ணும் கிடையாது, எல்லாம் அடைல இருக்கு. போய்ப் படி” என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. சொல்லப் போனேன், கேட்கவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த இரண்டு நாட்டு முட்டையாவது பொரிக்க வேண்டும் என்று போகிற வருகிற கோயில் கோபுரத்துக்கெல்லாம் கும்பிடு போட்டேன். இரண்டு பொரித்தால் போதும். சித்தி ஊருக்குக் கொண்டுபோக இரண்டுதானே வேண்டும்.

பத்தொன்பதாம் நாள் அம்மா ஓர் அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி முட்டைகளை மெல்ல விட்டாள். உயிர் இருக்கிற முட்டை தண்ணீரில் தானாக ஆடும். சித்தி மண்டியிட்டு அண்டாவுக்குள் பார்த்தாள். நானும் பார்த்தேன். பதினொன்றும் அசையாமல் நின்றன.

“தண்ணி சூடு பத்தலையோ என்னமோ. இன்னும் நாள் இருக்கு” என்றாள் அம்மா. சித்தி முட்டைகளைத் துடைத்துத் திரும்பக் கூடையில் வைத்தாள்.

இருபத்தோராம் நாள் அத்தை வந்தாள். இருபத்து நான்காம் நாள்வரை காத்திருந்தார்கள். செவலை எழுந்திருக்கவே இல்லை. தூக்கினால் பஞ்சு மாதிரி இருந்தது. கடைசியில் சித்தப்பா கோழியை விரட்டிவிட்டு, முட்டைகளை வாழைக்கு அடியில் குழி வெட்டிக் கொட்டினார். ஒன்று உடைந்து நாறியது. கொல்லை முழுக்க அந்த நாற்றம் இரண்டு நாள் நின்றது.

“என் கையால வச்சு இத்தனை வருஷத்துல ஒண்ணு தப்பினதில்ல. பதினொண்ணும் கூமுட்டைன்னா பாரேன்” என்றாள் அத்தை.

“வெயில் இன்னும் அடங்கலைல்ல அண்ணி, அதுகூட...” என்றாள் அம்மா.

“வெயிலு நான் வைக்கும்போது மட்டும் அடங்கியிருந்துச்சாக்கும்?”

அம்மா அத்தோடு நிறுத்திக்கொண்டாள். அவள் ராசி எல்லாம் பெரிதாக நம்புகிறவள் இல்லை. ஆனால் நாத்தனாரோடு வாதாடுவதைவிட ஒப்புக்கொண்டு போவது எளிது. அப்பா பொம்பளைங்க விஷயம் என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார். சித்தப்பா மண்வெட்டியைக் கழுவினார், ரொம்ப நேரம். ஒருவரும் முட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கே வைத்திருந்தது, யார் தொட்டார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. எல்லாரும் பேசியது கையைப் பற்றி. நான் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, இரண்டுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை.

ஆடி ஒன்றாம் தேதி சித்தியின் அப்பா வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து மகளைக் கூட்டிப் போனார். சித்தி அந்த ஈச்சங்கூடையை ஆணியிலிருந்து எடுத்து, வைக்கோலை உதறிவிட்டு, அதில் நாலு புடலங்காயை வைத்துக்கொண்டாள். காய் கூடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போகும்போது என் கன்னத்தைத் தட்டி, “செவலைக்குத் தண்ணி வை, மறந்துடாத” என்றாள்.

ஆடிப் பெருக்கன்று அத்தை வந்து விதை போட்டாள். ஆவணியில் சித்தி திரும்பி வந்தாள். வந்த மறுநாள் கீரைப் பாத்திக்கு விதை தூவ மடியில் எடுத்தாள். அம்மா அவசரமாகப் போய், “கொண்டா, நான் தூவறேன். நீ தண்ணி ஊத்து” என்று வாங்கிக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். சித்தியும் சாதாரணமாகத்தான் கொடுத்தாள். அதுவே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. உழைப்பெல்லாம் சித்தி. களை எடுப்பது, தண்ணீர் கட்டுவது, புடலைக்குக் கல் கட்டுவது, பால் கறப்பது, ஆட்டுக்குப் பிரசவம் பார்ப்பது எல்லாம் அவள். விதை மட்டும் வேறு யாராவது போடுவார்கள். ஒரு தடவை அம்மாவுக்குக் காய்ச்சல் என்று என்னைப் போடச் சொன்னார்கள். போட்டேன். நன்றாகவே முளைத்தது. அதற்கும் எனக்குப் பாராட்டு.

சித்திக்கு ஆறு வருடம் குழந்தை இல்லை. அப்போது அந்த அடைப் பேச்சு மறுபடி வந்தது. “கூமுட்டைக் கை” என்று அத்தை சொன்னதை நான் என் காதால் கேட்டேன். எனக்கு அப்போது பதினாறு வயது. எல்லாம் புரிகிற வயது. அப்போதும் சொல்லவில்லை. பத்து வயதில் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பதினாறு வயதில் அதற்குப் பேர் வேறு. பிறகு மகன் பிறந்தான், பேச்சு அடங்கியது. சித்தப்பா அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் சேர்ந்து குடும்பத்தோடு அங்கே போனார். அத்தை காலமானாள். அம்மாவும் அப்பாவும் போனார்கள். நிலத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபத்துக் கார்கள் நிற்கின்றன.

அந்த வீடியோ வந்த மறுநாள் நான் அரியமங்கலம் போனேன். சித்தப்பா போய் நான்கு வருடமாகிறது. சித்தி மகனோடு இருக்கிறாள். எழுபது தாண்டியும் மாடி முழுக்கச் செடி. பழைய பெயிண்ட் வாளிகளில் கத்தரி, மிளகாய், கம்பியில் பந்தல் போட்டுப் புடலை. ஒவ்வொரு பிஞ்சிலும் ஒரு கல். நாங்கள் மாடியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். மருமகள் ஆபீஸிலிருந்து வந்து, தோளில் பையைக்கூட இறக்காமல் மாடி ஏறி வந்தாள்.

“வந்துட்டியாம்மா? அந்த வாளில மண் கலந்து வச்சிருக்கேன். ஆறு வெண்டை விதை போட்டுட்டுப் போயிடு. உன் கைதான் நல்லா வருது” என்றாள் சித்தி.

அந்தப் பெண் சுவர் மேலிருந்த விதைப் பொட்டலத்தைப் பிரித்தபோது அவளுடைய போன் அடித்தது. பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டு, “ஒரு நிமிஷம் அத்தை” என்று சித்தியிடம் சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள். வாளிக்கும் சித்திக்கும் ஒரு முழத் தூரம். சித்தி மருமகள் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தாள். ஐம்பது வருடத்துக்கு மேலாக இப்படிக் காத்திருந்திருக்கிறாள். சொல்லிவிட்டேன்.

தவிட்டுப் பெட்டி, மாட்டுத் தொட்டி, டீத்தூள், கடைக்காரர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை என்று மட்டும் எப்படியோ சொல்லாமல் விட்டிருக்கிறேன். சித்தி கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். இன்னொன்றை எடுக்கவில்லை.

“ஏண்டி, உங்கத்தை உசுரோட இருக்கும்போது சொல்லியிருக்கலாம்ல? அவங்க காதுல விழுற மாதிரி?”

“சொல்லியிருக்கணும் சித்தி.”

“உங்க சித்தப்பா இருந்தாரே நாலு வருஷம் முன்னாடி வரைக்கும். அவராவது தெரிஞ்சுக்கிட்டுப் போயிருப்பாருல்ல.”

அழுதேன். என்னைச் சமாதானப்படுத்த சித்தி கையை நீட்டவில்லை. நீட்ட வேண்டிய அவசியமும் இல்லை. புடலைப் பந்தல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு திரும்பி, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்.

“பதினொண்ணையுமா மாத்துன?”

அவள் கேட்டதன் அர்த்தம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒன்றிரண்டு நல்ல முட்டை அதில் இருந்து, அதுவும் பொரிக்கவில்லை என்றால்? அந்த இரண்டு நாட்டு முட்டை ஏன் பொரிக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தொட்டியில் விழுந்த அதிர்ச்சியாக இருக்கலாம். வெயிலாக இருக்கலாம். சித்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினொண்ணையும்தான் சித்தி. ஒண்ணுகூட மிஞ்சலை” என்றேன்.

சித்தி தலையை ஆட்டிக்கொண்டாள். வெங்காயத் தோலை மடியிலிருந்து உதறிவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். பொட்டலத்திலிருந்து விதைகளை உள்ளங்கையில் கொட்டி எண்ணினாள். வாளி மண்ணில் விரலால் குழி செய்து ஒவ்வொன்றாகப் போட்டு மூடினாள். அது முடிகிற வரை வாய் திறக்கவில்லை. மருமகள் மேலே வந்தபோது, “நானே போட்டுட்டேம்மா. நீ போய் காப்பி குடி” என்றாள். எனக்குக் காப்பி வேண்டுமா என்று அன்று கேட்கவில்லை.

இன்று காலையில் போன் செய்தாள்.

“ஆறு போட்டேன்ல. அஞ்சு முளைச்சிருச்சு.”

“இன்னொண்ணு?” என்றேன், கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே.

“அது வரலை. விதை சொத்தையா இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். சித்தி இனி விதை வாங்க நம் ஊர்க் கடைத்தெருப் பக்கம் அடிக்கடி வருவாள். உங்களில் யாரையாவது பார்த்தால் பேச்சுக் கொடுப்பாள். சொப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டவளே, அன்றைக்கு மஞ்சள் பையில் எத்தனை கொண்டு வந்தாய் என்று இன்றுவரை உனக்கும் எனக்கும்தான் தெரிந்திருந்தது. இனி யார் கேட்டாலும் எல்லாரும் பதினொன்று என்றே சொல்லுங்கள்.